சின்ன மாட்டுக் கணக்கு

திருக்கடையூருக்கு இரண்டு தினுசான கூட்டம் வரும். ஒன்று, வருஷம் பூராவும் வருகிற கூட்டம். அறுபது நிறைந்தவர்களும் எண்பதைக் கடந்தவர்களும் மாலையும் கழுத்துமாக வந்து, பேரன் பேத்திகள் சிரிக்கச் சிரிக்க மறுபடியும் ஒரு முறை தாலி கட்டிக்கொண்டு போவார்கள். பதினாறு வயது மார்க்கண்டேயனுக்காகக் காலனையே காலால் உதைத்த ஸ்வாமியின் சந்நிதி அது. ஆயுளைப் பற்றிய மனுவை வேறு எந்தக் கச்சேரியில் போய்க் கொடுப்பது?

மற்றது, காணும் பொங்கலன்று மாத்திரம் வருகிற கூட்டம். அது கோயிலுக்குள் போவதில்லை. தரங்கம்பாடிச் சாலையின் இரண்டு ஓரத்திலும் மதகுக் கட்டைகளிலும் மரக்கிளைகளிலும் இடம் பிடித்துக்கொண்டு ரேக்ளா வண்டிகளுக்காகக் காத்திருக்கும். எல்கைப் பந்தயம் என்று அதற்குப் பெயர். எல்கை என்றால் எல்லைதான். மாட்டு வண்டிகள் தனியாகவும் குதிரை வண்டிகள் தனியாகவும் ஓடும். தூரத்தில் சலங்கைச் சத்தம் கேட்டதும் பெரிய மனிதர்கள்கூட மரியாதையை மறந்து எழுந்து நின்றுவிடுவார்கள்.

என் சின்ன மாமா இந்த இரண்டு கூட்டத்தையும் சேர்ந்தவர். எண்பதாவது கல்யாணத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் மாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாட்டைச் சொன்னால்தான் மாமாவைச் சொன்னதாக ஆகும்.

மாயவரத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் மாமாவுக்கு ஒன்றரை வேலி நிலம். அந்த நிலத்தில் விளைந்ததையெல்லாம் மாமி ஒரு பக்கம் சேர்த்தால், மாமா இன்னொரு பக்கம் பருத்திக்கொட்டையாகவும் கொள்ளாகவும் கடலைப் பிண்ணாக்காகவும் மாற்றி மாட்டுக்குப் போட்டுவிடுவார். "எங்க வீட்டு நெல்லு நாலு காலிலே ஓடுது" என்று மாமி சொல்வாள். சண்டையாகச் சொல்லமாட்டாள். ஓடி ஜெயித்துவிட்டால் குத்துவிளக்கோ அண்டாவோ அவளுக்குத்தானே வந்து சேரும்!

பந்தயம் பார்க்கிறவர்களுக்கு அது பத்துப் பதினைந்து நிமிஷத்துச் சமாசாரம். மாட்டுக்காரனுக்கோ நாலு வருஷத்து யோசனை. பந்தய மாடுகளை உயரத்தையும் பல்லையும் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். எங்கள் பக்கத்தில் சின்ன மாடு, நடு மாடு, பெரிய மாடு என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவோம். தெற்கே பட்டுக்கோட்டை, புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமைப் பக்கம் போனால் பெயர்கள் கொஞ்சும். அங்கே ஆகச் சிறியதற்குப் பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்று பெயர். அதற்கு மேலே கரிச்சான். அப்புறம்தான் நடு மாடும் பெரிய மாடும். முதல் முதலாக வண்டியில் பூட்டின ஒரு கன்றுக்குப் பூஞ்சிட்டு என்று பெயர் வைத்தவன் யாரோ, அவன் நிச்சயமாக அதைச் சாட்டையால் அடித்திருக்கமாட்டான் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

மாமா ஒரு கன்றை வாங்கப் போனால் பெண் பார்க்கப் போகிற தோரணைதான். முதலில் சுழி. பாடைச் சுழி, பெண்டிழந்தான் சுழி என்று பெயரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்குகிற சுழிகள் உண்டு. அவை இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் தொடமாட்டார். கோபுரச் சுழி, ராஜமந்திரிச் சுழி என்றால் விலை ஏறிவிடும். அப்புறம் குளம்பு, அப்புறம் வால். கடைசியில் கன்றின் கண்ணெதிரே துண்டை ஒரு தரம் உதறுவார். பயந்து ஓடினாலும் வேண்டாம், பேசாமல் நின்றாலும் வேண்டாம். காதை மாத்திரம் திருப்பி, "யார் இந்த ஆள்?" என்று பார்க்க வேண்டும். அதுதான் ஓட்டக் கன்று.

பிறகு பல் கணக்கு. இந்தியாவிலும் இங்கிலாந்திலும் ஜாதிப் பந்தயக் குதிரை எந்த மாதத்தில் பிறந்தாலும் ஜனவரி 1-ம் தேதி அதற்கு ஒரு வயது கூடிவிடும் என்று விதி வைத்திருக்கிறார்கள். மாட்டுக்கு அந்த வசதி இல்லை. அதன் ஜாதகம் வாயில் இருக்கிறது. மேல் தாடையில் அதற்கு முன்பல்லே கிடையாது, கீழே எட்டு. பால்பல் விழுந்து முதல் ஜோடி முளைக்க இரண்டு, இரண்டரை வருஷம் ஆகும். அப்புறம் நாலு பல், ஆறு பல் என்று ஏறி, எட்டும் முளைத்துச் சேர ஐந்து வருஷம்போல ஆகிவிடும். மாமாவின் திட்டமெல்லாம் இந்தப் பற்களின் மேல் கட்டப்பட்டது. ரெண்டு பல்லில் சின்ன மாடு. நாலு பல்லில் நடு மாட்டுக்குப் பழக்கம். ஆறு பல்லில் ஓட்டம். கடைப் பல் சேர்ந்ததும் பெரிய மாடு. ஒரு படியைத் தாண்டிக் குதிக்கக் கூடாது என்பது அவர் சித்தாந்தம்.

பழக்குவதற்கும் காலம் உண்டு. மேட்டூர் அணையை ஜனவரி 28-ம் தேதி மூடுவது வழக்கம். அதற்குப் பிறகு, ஜூன் 12-ம் தேதிக்கு மறுபடி திறக்கிற வரையில், எங்கள் ஆறுகள் ஆறுகளாக இருப்பதில்லை. மணல் ரஸ்தாக்களாக இருக்கும். விடியற்காலையில் அந்த மணலில் கன்றுகளை நடத்துவார். ஓட்டமாட்டார், நடத்துவார். "மணல்லே நடந்த காலு தார் ரோட்டிலே பறக்கும்" என்பார். தண்ணீர் வந்தால் நீச்சல். விவசாயத்துக்கு மேட்டூர் எப்படியோ, அப்படியே மாமாவின் மாட்டுக்கும் மேட்டூர்தான்.

இவ்வளவு ஜாக்கிரதையாகப் போட்ட கணக்கையும் கன்று சிரித்துக்கொண்டே அழித்துவிடும். தலைஞாயிற்றுக்குப் பக்கத்தில் உம்பளச்சேரி என்று ஒரு கிராமம். அதன் பெயரால் வழங்குகிற மாட்டு ஜாதிதான் எங்கள் டெல்டாவின் சொந்த ஜாதி. குட்டையானது, திடமானது, தொடை மட்டும் சேறானாலும் அஞ்சாமல் இழுக்கும். அந்த ஜாதிக் கன்று பிறக்கும்போது செக்கச் செவேலென்று பிறக்கும். நெற்றியிலே ஒரு வெள்ளைப் பொட்டு. காலிலே வெள்ளைக் காலுறை. ஆறேழு மாதத்தில் அந்தச் சிவப்பெல்லாம் எங்கேயோ போய், சாம்பல் நிறம் வந்துவிடும். என் சிறு வயதில் மாமா ஒரு கன்றுக்கு ஆசையாசையாகச் செவலை என்று பெயர் வைத்தார். பெயர் ஊரில் நிலைத்ததும் கன்று வெளுத்துவிட்டது. சாம்பல் நிற மாட்டைச் செவலை, செவலை என்று அவர் கூப்பிடுவதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். "நிறம் மாறினா என்ன, பேரு மாறுமா?" என்பார் மாமா.

இந்தச் செவலையைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது. அதற்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரக் கதை.

பட்டணத்தில் எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. மாமாவின் பல் கணக்கை அவரிடம் சொன்னபோது, "இங்கிலாந்திலே தடை தாண்டும் குதிரைகளுக்கும் இதே கணக்குத்தான்" என்றார். சமதரையில் ஓடும் குதிரையை இரண்டு வயதிலேயே பந்தயத்தில் விட்டுவிடுவார்கள். வேலி தாண்டும் குதிரையை அப்படி விடுவதில்லை. எலும்பு முற்றுகிற வரையில் மேய விட்டு, முதலில் சின்னத் தடை, பிறகு பெரிய வேலி என்று படிப்படியாக ஏற்றுவார்கள். லிவர்ப்பூலுக்குப் பக்கத்தில் எயின்ட்ரீயில் நடக்கிற கிராண்ட் நேஷனல் பந்தயத்தில், நாலேகால் மைல் ஓடி முப்பது தடை தாண்ட வேண்டும். இப்போதெல்லாம் ஏழு வயது நிறையாத குதிரையை அங்கே அனுமதிப்பதில்லை. அதாவது, ஒரு பந்தயத்துக்காகச் சொந்தக்காரன் ஏழெட்டு வருஷம் தீனி போட வேண்டும்.

அப்படித் தீனி போட்டவர்களில் இங்கிலாந்து ராஜமாதாவும் ஒருவர். 1956-ம் வருஷம் அவருடைய டெவன் லாக் என்ற குதிரை முப்பது தடைகளையும் தாண்டி, எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டது. இனித் தடையே இல்லை. ஐம்பது கஜம் ஓடினால் வெற்றி. திடீரென்று, வெறுந்தரையில், இல்லாத வேலியைத் தாண்டுவது போல எழும்பி, வயிறு தரையில் படப் படுத்துவிட்டது. இன்னொரு குதிரை ஜெயித்தது. ஏன் படுத்தது என்பதற்கு ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். தெரிந்தவர் எவரும் இல்லை. அதன் மேல் சவாரி செய்தவர் டிக் பிரான்ஸிஸ். அவர் பின்னால் சவாரியை விட்டுவிட்டு, 1962 முதல் துப்பறியும் நாவல்களாக எழுதிக் குவித்துப் பெரும் பெயர் எடுத்தார். நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் பிடித்ததற்கு உண்மையான காரணம் வேறு. அந்தக் குதிரை ஏன் நின்றது என்பது யாருக்கும் தெரியாது. எங்கள் செவலை ஏன் நின்றது என்பது எனக்குத் தெரியும்.

1970-ம் வருஷத்துப் பொங்கல். எனக்குப் பதினான்கு வயது. லீவுக்கு மாமா வீட்டுக்கு வந்திருந்தேன். பக்கத்து ஊரில் சின்ன மாட்டுப் பந்தயம். செவலைக்கு ரெண்டு பல். அதற்கு ஜோடி ஒரு மயிலைக் கன்று. மாமாதான் சாரதி. வண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டு குரல் கொடுக்க எடை குறைந்த ஆள் வேண்டும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்.

"மாப்ளே, கத்து. எவ்வளவு வேணுமானாலும் கத்து. கை மட்டும் மாட்டு மேலே படக்கூடாது" என்றார்.

அவர் கையிலும் வெறும் மூங்கில் குச்சிதான். மற்ற வண்டிக்காரர்கள் வைத்திருந்தது தார்க்குச்சி, நுனியில் ஆணி. முதல் நாள் சாயங்காலம் அந்த ஊர்ப் பையன்கள் என்னைக் கேலி செய்திருந்தார்கள். "உங்க மாமா மாட்டுக்குத் தாலாட்டுப் பாடுவாரு. மாடு தூங்கிடும்" என்றார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மாட்டுக் கொட்டகையில் கிடந்த பழைய ஏர்க்குச்சியிலிருந்து ஒரு ஆணியைப் பிடுங்கி, ஒரு சாண் குச்சியில் செருகி, இடுப்பில் மறைத்து வைத்துக்கொண்டேன்.

கொடி நட்டிருந்த இடத்தில் திரும்பும் வரையில் நாங்கள் மூன்றாவது. திரும்பின பிறகு இரண்டாவது. முன்னால் ஒரே ஒரு வண்டி. ஜனங்களுடைய கூச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மாமா முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து, செவலையின் பின் தொடையில், ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் குத்தினேன்.

செவலை பறந்தது. ஆமாம், நாங்கள் ஜெயித்தோம். அன்று சாயங்காலமே தெற்கத்திச் சீமையிலிருந்து வந்திருந்த ஒரு பெரிய பந்தயக்காரர் செவலையை மாத்திரம் விலைக்குக் கேட்டார். அவர் சொன்ன தொகைக்கு அந்தக் காலத்தில் இரண்டு மா நிலம் வாங்கலாம். மாமி கதவுக்குப் பின்னாலிருந்து, கொடுத்துவிடுங்கள் என்று ஜாடை காட்டினாள். மாமா சிரித்தார். "இது எங்க வீட்டிலே பெரிய மாடு ஆவணும்ங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் மாமா மாடுகளைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். நான் திண்ணையில் படுத்துக்கொண்டு பார்த்தேன். செவலையின் தொடைப் பக்கம் வந்ததும் அவர் கை நின்றது. லாந்தரைத் தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து போட்டார். என்னைக் கூப்பிடவில்லை. காலையில் எழுந்து இரவாணத்தில் செருகியிருந்த என் குச்சியைத் தேடினேன். குச்சி இருந்தது. ஆணி இல்லை.

அதற்கப்புறம் செவலை ஓடவில்லை. ஏர் உழும், வண்டி இழுக்கும், சேற்றில் இறங்கும், எல்லாம் செய்யும். ஆனால் ரேக்ளா வண்டியில் பூட்டி, பின்னால் ஒரு ஆள் ஏறின சத்தம் கேட்டால் போதும், நாலு காலும் நடுங்க நின்றுவிடும். மாமா மணலில் நடத்திப் பார்த்தார், கொஞ்சிப் பார்த்தார், மயிலையை விட்டு இழுக்கச் சொல்லிப் பார்த்தார். இரண்டு வருஷம் முயன்றபின் விட்டுவிட்டார். நாலு வருஷத்து யோசனையும் இரண்டு மா நிலமும் போயின. ஊரில் காரணம் கேட்டவர்களுக்கு, "அதுக்கு இஷ்டம் இல்லை" என்று சொல்லிவிட்டார். செவலை கிழமாகிச் செத்துப்போகிற வரையில் எங்கள் கொட்டகையில்தான் இருந்தது. லீவுக்குப் போகும்போதெல்லாம் நான் அதன் எதிரே போகமாட்டேன்.

நாற்பது வருஷத்துக்கு மேல் நாங்கள் இதைப் பற்றிப் பேசவில்லை. பேச வைத்தது டெல்லி.

2014-ம் வருஷம் மே மாதம் 7-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியது. ஜல்லிக்கட்டு கூடாது, மாட்டு வண்டிப் பந்தயமும் கூடாது. அந்தச் சமயம் மாமாவின் கொட்டகையில் ஒரு ஜோடிக் கன்றுகள் இருந்தன. செவலைக்குப் பிறகு அவர் எத்தனையோ மாடுகள் பழக்கினார். ஆனால் இப்படி ஒரு ஜோடி அமைந்ததில்லை என்று ஊரே சொல்லிற்று. ரெண்டு பல் அப்போதுதான் முளைத்து வெள்ளை வெளேரென்று தெரிந்தது. வருகிற பொங்கலுக்குச் சின்ன மாடு என்று நாள் குறித்திருந்தார். மாமாவுக்கு வயது எழுபது.

தீர்ப்பு வந்த வாரம் நான் ஊருக்குப் போயிருந்தேன். திண்ணை நிறைய ஆட்கள். பட்டணத்துக்காரர்களுக்கு மாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று ஒருவர் கேட்டார். பிள்ளை மாதிரி வளர்க்கிறவனைப் பார்த்துக் கொடுமைக்காரன் என்கிறார்களே என்று இன்னொருவர் கிட்டத்தட்ட அழுதார். எல்லாம் நியாயமான பேச்சுத்தான். என்னைப் பார்த்து, "நீங்க பத்திரிகையிலே எழுதக்கூடாதா?" என்றார்கள். நான் தலையை ஆட்டினேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை.

எல்லோரும் போன பிறகு தீர்ப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். பத்திரிகையில் வந்திருந்ததைப் படித்துக் காட்டினேன். வாலை முறுக்குவது, கண்ணில் மிளகாய் போடுவது, கூரான குச்சியால் குத்துவது என்று ஒவ்வொன்றாக வந்தது. குச்சி என்ற இடத்தில் என் குரல் கொஞ்சம் தடுக்கிற்று.

மாமா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அந்த ஜட்ஜுக்கு ஆணியை யாரு மாப்ளே காட்டினது?" என்றார்.

நான் பேசவில்லை.

"நாமதானே காட்டினோம்? நாமளே பிடுங்கிப் போட்டிருந்தா அவங்க வந்து பிடுங்குவாங்களா?" என்றார். பிறகு, "உன்னைச் சொல்லலை. நீ சின்னப் பிள்ளை. அன்னிக்கு ஜெயிச்சதும் பரிசை வாங்கிட்டு வந்தேன் பாரு, என்னைச் சொல்றேன். ராத்திரி பார்த்தப்புறமாவது அண்டாவைத் திருப்பிக் குடுத்திருக்கணும். குடுக்கலையே!"

ஐம்பத்தெட்டு வயது மனிதன் ஒருவன் அன்றைக்குத் திண்ணையிலிருந்து எழுந்து போய்க் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தான் என்று மாத்திரம் சொல்லி, மேலே போகிறேன்.

சட்டத்துக்குப் பல் முளைப்பதில்லை. அதனால் அது காத்திருக்கும். 2016 ஜனவரியில் மத்திய சர்க்கார் அனுமதி கொடுத்தது. சில நாளில் சுப்ரீம் கோர்ட்டு அதை நிறுத்திவைத்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். அவசரச் சட்டமும், பிறகு சட்டமும் வந்தன. 2023 மே 18-ம் தேதி ஐந்து நீதிபதிகள் அடங்கிய பெஞ்சு அந்தச் சட்டம் செல்லும் என்றது. கோர்ட்டின் கணக்கில் ஒன்பது வருஷம் பெரிய காலமல்ல. ஆனால் மாமாவின் ஜோடிக்கு ரெண்டு பல் நாலாயிற்று, நாலு ஆறாயிற்று. 2017-ல் வழி திறந்தபோது எட்டுப் பல்லும் சேர்ந்துவிட்டன. பெரிய மாட்டில் நேராக விடலாமே என்று ஊரில் வற்புறுத்தினார்கள். மாமா சம்மதிக்கவில்லை. "படி ஏறாதவனைத் தூக்கி மாடியிலே நிறுத்தினா விழுவான்" என்றார். அந்த ஜோடி வைக்கோல் வண்டி இழுத்தது. ஆளில்லாத சாலையில், சாயங்காலக் காற்றில், அவை சில சமயம் தாமாகவே ஓட்டம் பிடிக்கும். மாமா தடுக்கமாட்டார். வைக்கோல் சிதறும், சிதறட்டும் என்று விட்டுவிடுவார்.

தீர்ப்புத் தவறென்றோ சரியென்றோ நான் இங்கே வாதாட வரவில்லை. என்னால் முடியாது. நான் ஒரு கன்றின் காலத்தை ஆணியால் முடித்தேன். கோர்ட்டு இரண்டு கன்றுகளின் காலத்தைப் பேனாவால் முடித்தது. முதலாவது நடக்காதிருந்தால் இரண்டாவதைக் குறை சொல்ல எனக்கு வாய் இருந்திருக்கும்.

2024-ம் வருஷக் கடைசியில் மாமாவுக்கு எண்பதாவது கல்யாணம். திருக்கடையூரில் கலசம் வைத்து, தலையில் குடம் குடமாகத் தண்ணீர் கொட்டி, தாலி கட்ட வைத்தோம். மாமி வெட்கப்பட்டாள். எல்லாம் முடிந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மாமாவைக் காணோம். வாசலில், ஈர வேஷ்டியோடு, மாலையைக்கூடக் கழற்றாமல் காரில் ஏறிக்கொண்டிருந்தார். "கன்னுக்குத் தீனி நேரம்" என்றார்.

கொட்டகையில் அந்தக் கன்று நின்றது. நாலு மாதம். செக்கச் செவேலென்ற உடம்பு. நெற்றியில் வெள்ளைப் பொட்டு. கண்ணைச் சுற்றி மாத்திரம் சாம்பல் இறங்கத் தொடங்கியிருந்தது. மாமா துண்டை உதறினார். அது காதைத் திருப்பி எங்களைப் பார்த்தது.

"பேர் என்ன மாமா?" என்றேன்.

"செவலைதான். வேற என்ன?"

கயிற்றை என் கையில் கொடுத்தார். நான் வாங்கத் தயங்கினேன். கன்று மூக்கை நீட்டி என் உள்ளங்கையை மோந்து பார்த்து, உப்பு இருக்கிறதா என்று நக்கிற்று. சொரசொரவென்ற நாக்கு.

மாமா திட்டத்தைச் சொல்ல ஆரம்பித்தார். அடுத்த கோடைக்கு மூக்குக் குத்த வேண்டும். அதற்கடுத்த கோடைக்கு மணல். ரெண்டு பல் முளைத்ததும் சின்ன மாடு. பிறகு ஒரு வருஷம் ஓட்டாமல் நிறுத்தி நடு மாடு. ஐந்தாவது பொங்கலுக்குத் திருக்கடையூரில் பெரிய மாடு. வாயில் ஒரு பல் இல்லாத மனிதர், கன்றுக்கு முளைக்கப்போகிற பற்களை வைத்துக் கோட்டை கட்டிக்கொண்டே போனார். எனக்கு என்னை அறியாமல் விரல் மடிந்தது. எண்பது, எண்பத்திரண்டு, எண்பத்தைந்து...

மாமா பேச்சை நிறுத்தி என் கையைப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, எனக்குக் கணக்குப் போடறியா?" என்றார். "கன்னுக்குப் போடு."